குழந்தையின் இடுப்பு மூட்டு விலகல்: எந்த ஆபரேஷன், எப்போது?

பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படும் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இருப்பதிலேயே சின்ன ஆபரேஷன் எது?" பச்சைக் குழந்தையின் உடம்பில் கத்தி படுவதை நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் இந்த விஷயத்தில் அந்தக் கேள்வி நம்மைத் தப்பான முடிவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். சின்னதாக ஒன்றைச் செய்து பார்த்து, அது நிலைக்காமல் மறுபடி ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று போன மூட்டைவிட, முதல் தடவையிலேயே தேவையான அளவுக்குச் சரிசெய்யப்பட்ட மூட்டுதான் நன்றாக வளர்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வயதில், இந்த மூட்டில், பந்தை வலுக்கட்டாயம் இல்லாமல் கிண்ணத்துக்குள் உட்காரவைத்து, அங்கேயே நிலைக்கவைக்க எவ்வளவு செய்ய வேண்டும்?

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் உருண்டைத் தலைதான் பந்து. இடுப்பெலும்பின் பக்கவாட்டில் உள்ள குழிதான் கிண்ணம். பிறக்கும்போது இரண்டிலுமே பெரும்பகுதி குருத்தெலும்புதான். கிண்ணம் ஆழமாக வேண்டுமென்றால் பந்து உள்ளே இருந்து அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பந்து உருண்டையாகவே வளர வேண்டுமென்றால் கிண்ணம் அதைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றதும் கெடும். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் மட்டும் ஆழமில்லாமல் இருக்கும். சிலருக்குப் பந்து பாதி வெளியே வந்திருக்கும். சிலருக்கு முழுக்க வெளியேறி மேலே ஏறி நிற்கும். முழு விலகல் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகள், முதல் குழந்தைகள், வயிற்றுக்குள் பிட்டம் கீழாக இருந்த குழந்தைகள், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இது இருந்த குழந்தைகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். இடது பக்கம்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது.

இங்கே பேசப்போவது இந்த ஒரு கோளாறைப் பற்றி மட்டும்தான். பெர்த்தஸ் நோய் (பந்துக்குப் போகும் ரத்தம் குறைந்து அது சிதையும் குழந்தைப் பருவ நோய்), மூளை முடக்குவாதத்தால் வரும் இடுப்பு விலகல் இரண்டுக்கும் கணக்கு வேறு.

செய்யாமலே விட்டுவிட்டால்?

இதையும் ஒரு தேர்வாகவே எடுத்துப் பேச வேண்டும். பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் ஓடும் யோசனை இது. குழந்தைக்கு வலியே இல்லை. ஓடுகிறது, படியேறுகிறது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறது, அவ்வளவுதானே? நன்றாக இருக்கும் பிள்ளையை ஏன் மேஜையில் படுக்கவைக்க வேண்டும்?

வலி இல்லை என்பது உண்மை. ஆனால் வலி வரும்போது எளிதில் சரிசெய்யும் காலம் போயிருக்கும் என்பதும் உண்மை. ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் அந்தக் கால் குட்டையாகிறது, இடுப்பு சாய்கிறது, முதுகும் முழங்காலும் அந்தச் சாய்வுக்கு ஈடுகொடுத்துக் களைத்துப்போகின்றன. பாதி விலகிய மூட்டு இன்னும் மோசம். பந்தின் ஓரம் கிண்ணத்தின் விளிம்பிலேயே உரசிக்கொண்டிருப்பதால் முப்பது, நாற்பது வயதிலேயே தேய்மானம் வந்துவிடலாம். இரண்டு பக்கமும் முழுதாக விலகி, பந்துகள் இடுப்பெலும்பில் உரசாமல் தசைக்குள்ளேயே நிற்கும் சிலர் பல பத்தாண்டுகள் பெரிய வலியில்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் நடையின் ஆட்டமும் இடுப்பின் வளைவும் அவர்களை விட்டுப் போவதில்லை.

ஆகவே ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்குச் செய்யாமல் விடுவது நல்ல தேர்வே இல்லை. எட்டு வயதுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டால் கதை மாறுகிறது. ஒரு பக்க முழு விலகலுக்கு ஏறத்தாழ 8 வயது, இரு பக்க விலகலுக்கு 6 வயது என்று ஓர் எல்லையைப் பல அறுவை நிபுணர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இரு பக்கம் என்றால் எல்லை ஏன் குறைகிறது? இரண்டில் ஒன்று நன்றாக வந்து மற்றது விறைத்துப்போனால், சீராகச் சாய்ந்து நடந்த பிள்ளை ஒரு பக்கமாக நொண்டும் பிள்ளையாகிவிடும். அந்த வயதில் "வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது கைவிடுவதாகாது. வளர்ந்த பிறகு செயற்கை மூட்டுக்கு நல்ல எலும்பை மிச்சம் வைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்துக்குள்: பட்டை

இது ஆபரேஷன் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940-களில் செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் உருவாக்கிய வார்ப்பட்டை, குழந்தையின் தொடைகளை மடக்கி விரித்த நிலையில் வைத்திருக்கும். காலை அசைக்கவும் விடும். சில வாரங்களிலேயே தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும், கத்திக்கு வேலை வருவதில்லை.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இதன் எல்லை. முழுதாக விலகிய மூட்டு மூன்று, நான்கு வாரத்தில் பட்டைக்குள் சரியாக உட்காரவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமே" என்று தொடர்ந்தால், வெளியே நிற்கும் பந்து கிண்ணத்தின் பின்சுவரை அழுத்தித் தேய்த்து அதைக் கெடுத்துவிடும். அதன் பிறகு செய்யும் எந்தச் சிகிச்சையும் கடினமாகிறது. பட்டையை நிறுத்துவதைத் தோல்வியாக நினைத்து மனம் ஒடிய வேண்டாம். அடுத்த சிகிச்சைக்கு மூட்டைக் கெடாமல் காப்பாற்றியிருக்கிறோம்.

திறக்காமலா, திறந்தா?

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை இதுதான் முதன்மையான தேர்வு. திறக்காமல் என்றால், மயக்க மருந்து கொடுத்து, கையாலேயே பந்தைக் கிண்ணத்துக்குள் இறக்கி, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு போடுவது. திறந்து என்றால், மூட்டு உறையை அறுத்து, உள்ளே தடுப்பவற்றை அகற்றி, பந்தை உட்காரவைத்து, அப்புறம் மாவுக்கட்டு.

திறக்காத முறையில் மேஜையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும். குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும்போது மருத்துவர் தொடையை மடக்கி, விரித்து, பின்னாலிருந்து விரலால் மெல்லத் தூக்குவார். பந்து விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். பிறகு தொடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உட்பக்கம் கொண்டுவந்து, எந்தக் கோணத்தில் மறுபடி நழுவுகிறது என்று பார்ப்பார். அதிகபட்சமாக விரியும் கோணத்துக்கும் நழுவும் கோணத்துக்கும் இடைப்பட்டதுதான் பாதுகாப்பான வீச்சு. அது அகலமாக இருந்தால் நிம்மதி. குறுகலாக இருந்தால் தொடை இடுக்கில் இறுகியிருக்கும் தசைநாணைச் சின்னக் கீறல் வழியாக வெட்டிவிட்டு மறுபடி பார்ப்பார். கூடவே மூட்டுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பந்துக்கும் கிண்ணத்தின் அடிக்கும் நடுவே தேங்கும் சாயம் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பந்து நன்றாக உட்கார்ந்திருக்கிறது. 7-ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

அப்படி என்னதான் நிற்கும்? மூட்டின் முன்னால் குறுக்கே ஓடும் தசைநாண் மூட்டு உறையை நடுவில் இறுக்கி, வாயைச் சிறுத்துவிட்டிருக்கும். கிண்ணத்தின் அடியில் கொழுப்பு சேர்ந்திருக்கும். பந்தைக் கிண்ணத்தோடு இணைக்கும் உள்நார் தடித்து நீண்டிருக்கும். கிண்ணத்தின் கீழ் விளிம்பில் உள்ள நார் மேலே இழுக்கப்பட்டு வாசலை மறிக்கும். குருத்தெலும்பு விளிம்பு உட்பக்கம் மடிந்திருக்கும். குழந்தை வளர வளர இவையெல்லாம் கெட்டியாகின்றன. ஏழு மாதக் குழந்தைக்குக் கையாலேயே இறங்கும் பந்து பதினெட்டு மாதக் குழந்தைக்கு இறங்காமல் போவது இதனால்தான்.

இந்த இடத்தில் வரலாறு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவைச் சேர்ந்த அடால்ஃப் லோரென்ஸ் ரத்தம் சிந்தாமல் இடுப்பைச் சரிசெய்பவர் என்று உலகப் புகழ் பெற்றார். பந்தைப் பலமாக இழுத்து உள்ளே தள்ளி, தொடைகளைத் தவளைபோல முழுக்க விரித்து மாதக்கணக்கில் கட்டுப்போட்டார். பந்து உள்ளே நின்றது. ஆனால் அந்த முறையில் பல குழந்தைகளுக்குப் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று, எலும்பு செத்து, தலை நசுங்கியது. குழந்தையின் தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் மிக மெல்லியவை. அளவுக்கு மீறி விரித்தாலும் இறுக்கி அழுத்தினாலும் நசுங்கிவிடும். இன்று தொடையை 90 டிகிரிக்குச் சற்று மேல் மடக்கி, ஒவ்வொரு பக்கமும் 40 முதல் 50 டிகிரி மட்டும் விரித்துக் கட்டுகிறார்கள். 60-ஐத் தாண்டுவதில்லை.

இந்த ரத்த ஓட்டப் பாதிப்புதான் இடுப்பு விலகல் சிகிச்சையின் மிகப் பெரிய ஆபத்து. இதை நோய் கொண்டுவருவதில்லை, சிகிச்சை கொண்டுவருகிறது. திறக்காத முறையிலும் வரும், திறந்த முறையிலும் வரும். எதில் எத்தனை சதவீதம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மிகவும் மாறுவதால், அந்த எண்களை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. கத்தி படவில்லை என்பதால் மட்டும் திறக்காத முறை மென்மையானது ஆகிவிடாது என்று புரிந்துகொண்டால் போதும். வலிந்து உள்ளே திணித்து, முழுக்க விரித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் கட்டுப்போட்ட மூட்டைவிட, தடைகளை அகற்றி இயல்பாக உட்காரவைத்த மூட்டு எவ்வளவோ பாதுகாப்பானது.

என்னைக் கேட்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திறக்காத முறையைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும். ஆனால் எந்த நிலையில் நிறுத்துவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். "சாயம் அதிகம் தேங்கினாலோ பாதுகாப்பான வீச்சு குறுகலாக இருந்தாலோ அதே மயக்கத்தில் திறந்து செய்துவிடுவீர்களா, இல்லை வெளியே வந்து எங்களிடம் பேசுவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு பதிலும் சரியானவையே. பதிலே இல்லாமல் உள்ளே போவதுதான் சரியில்லை.

கட்டுப்போட்ட பிறகு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாவுக்கட்டுக்குள் பந்து உள்ளேதான் இருக்கிறது என்பதை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்ய வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் பந்து முன்னால் இருக்கிறதா, பின்னால் நழுவியிருக்கிறதா என்பது கட்டுக்குள் தெளிவாகத் தெரியாது.

திறப்பது என்றால் எந்தப் பக்கம்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொடை இடுக்கு வழியாக, உட்பக்கமிருந்து. இன்னொன்று முன்பக்கமிருந்து, உள்ளாடைக்குள் மறையும் கோட்டில்.

உட்பக்க வழி ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு நல்லது. தழும்பு சிறிது, ரத்த இழப்பு குறைவு. வாசலை மறிக்கும் தசைநாண், கீழ்நார் முதலியவற்றை நேராக எட்டிவிடலாம். குறை இரண்டு. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கிய நாளம் அந்த வழியிலேயே ஓடுகிறது. தொளதொளத்துப் போன மூட்டு உறையை இந்தப் பக்கமிருந்து இறுக்கித் தைக்கவும் முடியாது. எனவே நிலைப்பது முழுக்க மாவுக்கட்டை நம்பியே இருக்கிறது.

முன்பக்க வழியில் வேலை கூடுதல். ஆனால் எல்லாத் தடைகளையும் கண்ணால் பார்த்து அகற்றலாம், உறையை இறுக்கித் தைக்கலாம், தேவைப்பட்டால் அதே கீறலிலேயே இடுப்பெலும்பையும் சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு இதுதான் பொதுவான வழி. இந்தத் தேர்வைப் பெற்றோர் எடுக்க வேண்டியதில்லை. எந்த வழியில் கை பழகியிருக்கிறதோ அதில் அந்த மருத்துவர் செய்வதே நல்லது.

ஒன்றரை வயது தாண்டிய பிறகு: ஒரே தடவையா, படிப்படியாகவா?

இந்த வயதில் பந்தை உள்ளே வைப்பது பாதி வேலைதான். இவ்வளவு நாள் காலியாக இருந்த கிண்ணம் தட்டையாக, செங்குத்தாக வளர்ந்திருக்கும். கிண்ணத்தின் மேல்பகுதியான கூரை எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை, கூரைக் கோணம் என்று எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு 30 டிகிரி வரை இருக்கலாம். 2 வயதில் 20-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். விலகிய மூட்டில் அது 35, 40 என்று நிற்கும். அவ்வளவு சரிவான கூரையின் கீழ் பந்து நிலைக்காது.

படிப்படியாகச் செய்பவர்களின் வாதம்: இப்போது மூட்டைத் திறந்து பந்தை வைப்போம், கிண்ணம் தானே ஆழமாகிறதா என்று ஓரிரு ஆண்டு பார்ப்போம், ஆகாவிட்டால் இடுப்பெலும்பைச் சரிசெய்வோம். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படாமலே போகும் என்பது இதன் பலம். ஒரே தடவையில் செய்பவர்கள் சொல்வது: மூட்டு எப்படியும் திறந்திருக்கிறது, கூரையையும் இப்போதே இறக்கிவிட்டால் பந்து உறுதியாக நிற்கும், மறுபடி விலகும் ஆபத்து குறையும்.

பதினெட்டு மாதத்தை ஒட்டிய குழந்தைக்கு இரண்டும் பொருந்தும். இரண்டு, இரண்டரை வயதைத் தாண்டினால் ஒரே தடவையில் முடிப்பதன் பக்கமே என் மனம் சாய்கிறது. ஒருமுறை திறந்த மூட்டு மறுபடி விலகி, அதை இரண்டாவது தடவை திறக்க வேண்டி வந்தால் ரத்த ஓட்டமும் அசைவும் பாதிக்கப்படும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

இந்த ஆபரேஷனோடு சில குழந்தைகளுக்குத் தொடை எலும்பையும் குறுக்குவார்கள். பெற்றோரை மிகவும் கலங்கவைக்கும் பகுதி இதுதான். "ஏற்கெனவே கால் குட்டை, அதில் எலும்பை வெட்டி எடுப்பதா?" மேலே ஏறி நின்ற பந்தைக் கீழே இறக்கும்போது, இவ்வளவு காலம் குறுகிப்போன தசைகள் அதைக் கிண்ணத்தோடு சேர்த்து நசுக்குகின்றன. அந்த அழுத்தம்தான் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. எனவே தொடை எலும்பை வெட்டி, பந்தை உட்காரவைத்த பிறகு இரண்டு துண்டுகளும் எவ்வளவு தூரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன என்று பார்த்து, அந்த அளவை மட்டும் எடுத்துவிட்டு, பிளேட் வைத்து இணைக்கிறார்கள். தேவைப்பட்டால் எலும்பின் முறுக்கையும் அங்கேயே திருத்துவார்கள். எடுத்த துண்டு வீணாவதில்லை, இடுப்பெலும்பில் முட்டுக்கொடுக்கப் பயன்படும். பந்து கீழே இறங்கியதாலேயே காலின் நீளம் கூடுகிறது. வெட்டிய தொடை எலும்பு குழந்தை வயதில் சற்று வேகமாகவும் வளரும். மூன்று வயதுக்கு மேல், பந்து உயரத்தில் ஏறி நிற்கும் குழந்தைக்கு இந்தப் படியைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. முன்பு இதற்குப் பதிலாக வாரக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள்; பெரிய குழந்தைகளுக்கு எலும்பைக் குறுக்குவது அதைவிட நல்ல பலன் தருகிறது.

சால்டர், பெம்பர்ட்டன், டெகா

கிண்ணத்தின் கூரையை இறக்கும் ஆபரேஷன்களில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இவை. டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் சால்டர் 1957-இல் உருவாக்கி 1961-இல் வெளியிட்டது முதலாவது. அமெரிக்காவின் பால் பெம்பர்ட்டன் தன் முறையை 1965-இல் வெளியிட்டார். போலந்தின் விக்டர் டெகாவுடையது 1969-இல் வந்தது.

தலையில் இருக்கும் தொப்பியை முழுதாக முன்னும் பக்கவாட்டிலும் சாய்த்து வைப்பது சால்டர் முறை. தொப்பியை அசைக்காமல் அதன் விளிம்பை மட்டும் கீழே வளைப்பது பெம்பர்ட்டன் முறை. சால்டரில் கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பு முழுக்க அறுக்கப்படுகிறது. கீழ்த்துண்டு, கிண்ணத்தோடு சேர்ந்து, முன்னால் இரண்டு இடுப்பெலும்புகளும் சேரும் மூட்டை அச்சாக வைத்துத் திரும்புகிறது. இடைவெளியில் அதே இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுத்த முக்கோணத் துண்டைச் செருகி, கம்பிகளால் பொருத்துகிறார்கள். கிண்ணத்தின் வடிவம் மாறுவதில்லை, அது பார்க்கும் திசைதான் மாறுகிறது. கிடைக்கும் திருத்தம் சுமார் 10 முதல் 15 டிகிரி. அதற்கு மேல் தேவைப்படும் மூட்டுக்கு இது போதாது. கம்பிகளை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷனும் உண்டு. 18 மாதம் முதல் 6 வயது வரை இதற்கு ஏற்ற காலம். பந்து ஏற்கெனவே சரியாக உட்கார்ந்திருப்பதும் தேவை.

பெம்பர்ட்டனில் எலும்பை முழுக்க அறுப்பதில்லை. கிண்ணத்தைச் சுற்றி வளைவாக வெட்டி, இடுப்பெலும்பின் மூன்று பகுதிகள் சேரும் குருத்தெலும்பை அச்சாக வைத்துக் கூரையைக் கீழே மடக்குகிறார்கள். செருகிய எலும்புத் துண்டே பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் கம்பி வேண்டியதில்லை. திருத்தமும் கூடுதலாகக் கிடைக்கும். கிண்ணத்தின் கொள்ளளவு குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அகன்று தட்டையாக இருக்கும் கிண்ணத்துக்கு அதுவே மருந்து. ஏற்கெனவே சிறியதாக இருக்கும் கிண்ணத்தில் பந்து நெருக்கப்பட்டு மூட்டு விறைக்கலாம். அந்த மையக் குருத்தெலும்பு மூடாத வயது வரைதான் இதைச் செய்ய முடியும். டெகா முறையும் இதே குடும்பம்தான். முன்பக்கமா, பக்கவாட்டா, பின்பக்கமா, எங்கே கூரை குறைகிறதோ அங்கே இறக்கிக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

கிண்ணம் எவ்வளவு சரிந்திருக்கிறது, அகலமா சிறியதா, எந்தப் பக்கம் குறைவு என்பவைதான் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்கின்றன. அதற்கு அடுத்தபடி மருத்துவரின் பழக்கம். பெயரைப் படித்துவிட்டு வந்து "எங்களுக்கு பெம்பர்ட்டன்தான் வேண்டும்" என்று கேட்பதைவிட, "இந்தக் கிண்ணத்தில் நீங்கள் பார்த்த குறை என்ன? அதை இந்த முறை எப்படிச் சரிசெய்யும்?" என்று எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேட்பது நூறு மடங்கு பயன் தரும்.

பந்து உள்ளே, கிண்ணம் மட்டும் ஆழமில்லை: காத்திருக்கலாமா?

பட்டையிலோ திறக்காத முறையிலோ சரியான குழந்தைகளில் சிலருக்கு இந்த நிலை வரும். இங்கே காத்திருப்பது உண்மையிலேயே ஒரு நல்ல தேர்வு. கிண்ணம் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் நான்கு வயது வரை நன்றாக இருக்கிறது, அதற்குப் பிறகு மெல்லக் குறைகிறது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு எக்ஸ்ரே எடுத்து, கூரைக் கோணம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருக்கலாம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டாக எண் அப்படியே நின்றுவிட்டால், அல்லது பந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கினால், காத்திருக்கும் காலம் முடிந்தது. ஐந்து வயதுக்கு முன் முடிவெடுப்பது நல்லது. ஒற்றை எக்ஸ்ரேயைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். படுக்கவைத்த விதத்தில் இடுப்பு கொஞ்சம் திரும்பியிருந்தாலே கோணம் சில டிகிரி மாறும். பழைய படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே உறையில் வைத்திருங்கள், வரிசைதான் பேசும்.

மாவுக்கட்டோடு இருக்கும் வாரங்கள்

எந்த வழியில் போனாலும் இது உண்டு. திறக்காத முறைக்கு ஏறத்தாழ மூன்று மாதம். நடுவில் ஒருமுறை மயக்கம் கொடுத்துக் கட்டை மாற்றுவார்கள். எலும்பையும் வெட்டிச் செய்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் ஆறு வாரம். சின்ன ஆபரேஷன் என்று நினைத்த முறையில்தான் கட்டு நீளுகிறது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

வீட்டில் இதுதான் நாள் முழுக்க வேலை. கட்டின் அடியில் வெட்டியிருக்கும் திறப்புக்குள் சிறிய அளவு டயப்பரை முன்னும் பின்னும் ஓரம் வெளியே தெரியாமல் செருகி, அதன்மேல் பெரிய அளவு டயப்பரைக் கட்டின் வெளியே சுற்ற வேண்டும். ஈரமானதும் உடனே மாற்ற வேண்டும். இரவிலும் ஒருமுறை எழுந்துதான் ஆக வேண்டும். படுக்கையில் தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் சிறுநீர் முதுகுப்பக்கம் ஏறாது. ஓரங்களில் நீர் ஊறாத டேப்பைச் சிறு துண்டுகளாக மடித்து ஒட்டினால் தோல் உரசாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குப்புறவும் மல்லாக்கவும் திருப்பிவிடுங்கள். உள்ளே பவுடர் போடாதீர்கள், அரிக்கிறதென்று குச்சியோ கரண்டிக் காம்போ விடாதீர்கள். கால்களுக்கு நடுவே இருக்கும் குறுக்குக் கட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கால்விரல்கள் நீலமாகவோ வெளிறியோ சில்லென்றோ ஆனால், குழந்தை விரலை அசைக்காமல் போனால், கட்டுக்குள்ளிருந்து புதிதாகக் கெட்ட வாடை வந்தால், காரணமில்லாத காய்ச்சலோ அடங்காத அழுகையோ இருந்தால், மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டைப் பிரித்த பிறகு மூட்டு விறைப்பாக இருக்கும். சின்னக் குழந்தைகள் தவழ்ந்து, நின்று, தாமே மீட்டுக்கொள்கிறார்கள். காலை வலுவில் மடக்கி நீட்டும் பயிற்சி வேண்டாம். நொண்டல் சில மாதம் நீடிப்பது இயல்பு.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் பேசும்போது, ஒவ்வொரு வழிக்கும் குழந்தைக்கு மொத்தம் எத்தனை தடவை மயக்க மருந்து தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். திறக்காத முறை என்றால் முதல் தடவை, கட்டு மாற்ற ஒரு தடவை, சரிவராவிட்டால் திறக்க ஒரு தடவை. ஒரே தடவையில் செய்யும் பெரிய ஆபரேஷன் என்றால் அது ஒன்று, பிளேட்டும் கம்பியும் எடுக்க இன்னொன்று. இரு பக்கமும் விலகியிருந்தால் பொதுவாகச் சில வார இடைவெளியில் ஒவ்வொரு பக்கமாகச் செய்கிறார்கள். அந்தக் கணக்கையும் சேருங்கள். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு பந்து நழுவினால் அடுத்து என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். தயக்கம் இருந்தால் படங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு குழந்தை எலும்பு நிபுணரைப் பாருங்கள்; சில வாரத் தாமதம் எதையும் கெடுக்காது, ஒரு வருடத் தாமதம் கெடுக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் எலும்பு வளர்ச்சி முடியும் வரை எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தகட்டின் ஓரத்தில் நேர்ந்த ரத்த ஓட்டப் பாதிப்பு சில குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டித்தான் வெளியே தெரிகிறது. நன்றாக ஓடியாடும் பிள்ளைதானே என்று ஐந்து வயதோடு போவதை நிறுத்திவிடாதீர்கள்.